புள்ளி விழாத பட்டை

பிரிண்டரிலிருந்து வந்த தாளைப் பார்த்ததும் கோடக்கா உச்சுக் கொட்டினாள். வரைபடத்தில் கடைசிப் பட்டையைக் காணோம்.

ஆபீசில் அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஆஸ்பத்திரி அறிக்கைகள் எல்லாம் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும். மற்றவர்கள் திரையில் சிவப்பும் பச்சையுமாக ஜோடித்துவிட்டு, தாளில் எல்லாம் ஒரே சாம்பலாக வந்ததும் திருதிருவென்று விழிப்பார்கள்.

இவள் வண்ணத்தைத் தொடவே மாட்டாள். எந்தப் பட்டைக்குள் சாய்கோடு, எதற்குள் புள்ளி, எவ்வளவு நெருக்கம் என்று பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள்.

இன்றைய படம், போன வருடம் அவசரப் பிரிவில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பது. ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்குச் சாய்கோடு, நடந்து வந்தவர்களுக்குப் புள்ளி.

அரை மணி நேரத்தில் பெருங்கூட்டம். இரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் பேர். மூன்றைத் தாண்டினால் ஆளே இல்லை.

வலது கோடியில், ஒன்பது மணி நேரத்தில், ஒரே ஒருவர்.

ஒருவருக்கான பட்டை அத்தனை குள்ளம். ஒரு புள்ளி விழக்கூட அதில் இடமில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஓரக்கோட்டை வேறு எடுத்துவிட்டிருந்தாள். வெறும் வெள்ளையாக அச்சாகிவிட்டது.

அந்த ஒருவர் வயிற்று வலியோடு நடந்து வந்தவர். பதிவுக் கவுண்டரில் அவருடைய சீட்டு இன்னொருவர் சீட்டோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்கப்பட்டுவிட்டது. அவர் பெயரை யாரும் கூப்பிடவே இல்லை. தூங்குகிறார் என்று நினைத்துத் தட்டி எழுப்பப் பார்த்தபோது பெஞ்சில் இருந்த உடம்பில் உயிர் இல்லை.

போன மாதம்தான் மாற்றலாகி வந்திருந்த கண்காணிப்பாளர் தாளை வாங்கிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"தெரியலைன்னா நல்லதுதாம்மா, அப்படியே விட்டுடுங்க. நாளைக்கு வர்ற ஆய்வுக் குழு கண்ணுல பட்டா, அன்னிக்குக் கவுண்டர்ல யாருன்னு நோண்டுவாங்க. யாரோ ஒருத்தர் வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும், பாவம்."

கோடக்கா மௌஸைப் பிடித்தாள். இந்த வேலையில் அவளுக்கு என்றைக்குமே கை தடுமாறியதில்லை.

புள்ளியை எடுத்தாள். முழுக் கறுப்பு நிரப்பினாள். சுற்றிலும் தடித்த ஓரம் கொடுத்தாள். தலைக்கு மேல் 'ஒருவர்' என்று எழுதினாள்.

மறுபடி அச்சடித்து, தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைச் சுவரில் எறும்பு மாதிரி, சின்னதுதான், ஆனால் பளிச்சென்று தெரிந்தது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. தாளை அவர் மேஜையில் வைத்தாள்.

"யாரோ இல்ல சார், அன்னிக்குக் கவுண்டர்ல நான்தான்."

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.