முதல் முறுக்கு

லாரிச் சக்கரத்தில் ஏறிய பழைய நட்டுக்கு உள்ளூர உதறல். இன்று சக்கரத்தைப் பிடிக்காவிட்டால் காயலான் கடைதான். இருந்தாலும் எப்போதும் போல இரண்டே சுற்று ஏறி, சக்கரம் அசைய இடம்விட்டு லூசாக நின்றது.

“உன்னாலதான்டா ஊர்ல பைத்தியத்தை ‘நட்டு கழண்ட கேஸு’ன்னு சொல்றான். நம்ம இனத்துக்கே அவமானம்” என்ற புது நட்டு, ஒரே மூச்சில் கடைசிவரை முறுக்கிக்கொண்டது.

சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மற்ற நட்டு எதுவும் படியவில்லை.

“நீ கொஞ்சம் கழண்டு நில்லுப்பா” என்று ஸ்பானர் புதுசைத் தளர்த்தியது. சக்கரம் அசைந்து நேராக உட்கார்ந்தது.

ஸ்பானர் நேராகப் பழைய நட்டிடம் வந்தது. “உங்ககிட்ட இருந்தே ஆரம்பிக்கட்டுமா, அண்ணே?”

“நல்லா இறுக்குடா தம்பி. ஊட்டி வரைக்கும் போகணும்.”