கோரைப் பாத்தியில் ஒரு சிட்டம் பட்டு

ஏனாத்தூர் பல்கலைக்கழக விடுதிக்குப் பின்னால், காலை வெயில் கோரைகளின் நுனியில் மினுமினுக்கிறது. பாத்தியின் ஒரு முனையில் சாயப்பட்டறைக் கழிவு நீர் அரக்குச் சிவப்பாக நுழைகிறது. மணலையும் வேர்களையும் கடந்து மறுமுனைத் தொட்டியில் அது சொட்டுச் சொட்டாக விழும்போது, அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரிகிறது. மாணவி ஸிந்துஜாவின் இரண்டு வருட உழைப்பு இது. தண்ணீர் சுத்தம்தான் என்று சாயக்காரத் தெரு இன்று ஒப்புக்கொள்ளாவிட்டால் இனிக் கழிவு நீர் வராது, பாத்தியை மூடிவிடுவார்கள். அவள் நீட்டும் ஆய்வக ரிப்போர்ட்டை, தெருவின் சார்பாக வந்திருக்கும் அம்சவேணி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "பேப்பர நீயே வெச்சிக்கமா. எனக்கு இது போதும்" என்று, நீலம் ஏறிய விரல்களால் சுற்றி முடிந்த ஒரு சிட்டம் வெள்ளைப் பட்டு நூலைத் தொட்டித் தண்ணீரில் அமுக்குகிறாள். துளி சாயம் மிச்சமிருந்தாலும் பட்டு குடித்துவிடும். ஸிந்துஜா துப்பட்டாவால் நெற்றியைத் துடைக்கிறாள். "இன்னாமா, பரீட்சை தண்ணிக்குத்தான? உனக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?" சிரித்துக்கொண்டே அம்சவேணி பட்டைப் பிழிந்து வெயிலுக்கு நேரே விரிக்கிறாள். பால் வெள்ளை! நேராகத் தன் மொபெட்டுக்குப் போகிறாள். திரும்பி வரும்போது இடுப்பில் பெரிய மூட்டை. "முகூர்த்தப் பொடவைக்கு எலுமிச்ச மஞ்சள் போடவேண்டிய பட்டும்மா இது, துளி கறை பட்டாலும் வீணாப் போயிடும். சாயத்துக்கு முன்ன நனைக்கணும். இங்கியே நனைச்சிக்கினு போறேன், தள்ளு."