பொருத்தனைச் சேவல்

மனைவி லீலாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனதும், மச்சினனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, கிதியோன் சேவலை இடுக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தான். நேர்ந்துகொண்ட பொருத்தனையை ஆள் பிழைத்தபிறகு செலுத்துவதுதான் வழக்கம். இவன் அட்வான்ஸாகவே கொண்டுவந்திருந்தான்.

அன்று பார்த்துப் போதகர் பிரசங்கித்தார்: "தேவன் தாமாகவே இருக்கிறவர். அவருக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவையில்லை." சபை ஆமென் சொன்னது. சேவலும் மறுக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் கிதியோன் வாசலில் அவரை மறித்தான்.

"அப்ப இது அவருக்கு வேண்டாமாய்யா?"

"குடுடே, ஏலத்துல விடுவோம். ஆனா அவருக்குத் தேவைன்னு நெனச்சுக் குடுக்காத."

"கோழி பத்தாதுன்னா ஆடு?"

"ஆடுமாடெல்லாம் ஏற்கெனவே அவரோடதுதாம்டே."

"ஒண்ணுமே வேண்டாங்கிறவர்ட்ட எப்படிய்யா பேரம் பேச?"

"பேச முடியாது." போதகரின் குரல் இறங்கியது. "சும்மா கேக்கத்தான் முடியும். எதுவும் வாங்காம குடுக்க அவரால மட்டுந்தான் முடியும்."

"கேட்டா தருவாராய்யா?"

போதகர் வாய் திறப்பதற்குள் கிதியோனின் சட்டைப்பையில் போன் அடித்தது. மச்சினனாகத்தான் இருக்கும். கிதியோனின் ஒரு கை சேவலின் காலிலும் மறுகை இறக்கையிலும் இருந்தன. போதகர் சேவலை வாங்கக் கை நீட்டினார். கிதியோன் கொடுக்கவில்லை. இரண்டு கைகளையும் அப்படியே மேல்நோக்கி விரித்துவிட்டான். கீழே குதித்த சேவல் ஓடாமல் அவன் காலடியிலேயே நின்றது. போன் விடாமல் அடித்தது. விரித்த கைகளை மடக்கத் தெரியாதவன்போல் அவன் நின்றுகொண்டிருந்தான்.