துரையின் காற்று

மார்ச் 14. இன்று ஒரு சிறிய பிழை செய்தேன். செத்துப்போன ஒட்டகத்தின் தலையை ஸ்கேன் எடுத்த படத்தில், நெற்றியெலும்புக்குப் பின்னால் தெரிந்த கறுப்பு அறைகளுக்கு நேரே 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டேன்.

மாலை உடற்கூறு வகுப்பு ஆசிரியை செண்பகவல்லி சிரித்தார். "ஒண்ணுமில்லையா? அது சைனஸ்ப்பா, எலும்புக்குள்ள இருக்கற அறை. கறுப்பா தெரியறதெல்லாம் காத்து."

கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்து திரிந்த ஒட்டகம் அது. பெயர் துரை. அதை வளர்த்து, இப்போது தலையை வகுப்புக்குக் கொடுத்த பீர்க்கண்ணு கதவோரம் நின்றிருந்தார்.

"அந்தக் காத்து எப்ப உள்ள போனது டீச்சர்?" என்று கேட்டார்.

"கடைசியா இழுத்த மூச்சு பாய், பத்திரமா இருக்கு," என்று என்னுடன் படிக்கும் ரஞ்சன் விளையாட்டாகச் சொன்னான்.

பீர்க்கண்ணு சிரிக்கவில்லை. ஸ்கேன் படம் தெரிந்த திரையருகே வந்து கறுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். "அவன் போறப்ப நான் பக்கத்துல இல்ல தம்பி," என்றார் என்னிடம். "அறுக்கும்போது கூப்பிடுங்க."

'காற்று' என்று திருத்தி எழுதினேன். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் என் மூச்சை முழுதாக விட முடியவில்லை.

நாளைய வேலை: நெற்றியெலும்பை ரம்பத்தால் திறப்பது. முதல் வெட்டு என்னுடையது. அதற்கு முன் பீர்க்கண்ணுவைக் கூப்பிட்டு, துரையின் முகத்தருகே நிற்கவைக்க வேண்டும்.