பின்னறைக் கதவு

"ஆசாரியாரே, வூடு அச்சு அசலா இருக்குது. பின்னறைக் கதவுதான் தப்பு."

காசிநாதன் உளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். பட்டறை வாசலில் ஒரு நடுவயது அம்மாள் நின்றிருந்தாள். கையில் மஞ்சள் பை. கண்ணெல்லாம் அவர் முன்னால் இருந்த குட்டி வீட்டின் மேலேயே இருந்தது.

"நீங்க யாருங்க?"

"ராஜாம்பாளுங்க. உளுந்தூர்பேட்டை மரவாடிக்காரருக்குச் சொந்தம்."

அவ்வளவுதான், காசிநாதனுக்கு வாயெல்லாம் பல். தோள் துண்டால் ஸ்டூலைத் தட்டிப் போட்டார். "அம்சா! மாப்பிள்ள வூட்லருந்து வந்திருக்காங்க, காபி போடு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

பின்னே, சும்மாவா? வருகிற வியாழக்கிழமை அவர் மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தமிழரசன், மரவாடிக்காரரின் ஒரே பிள்ளை. இரண்டாம் தாரம்தான். முதல் சம்சாரம் காய்ச்சலில் போய்விட்டாளாம். நகை வேண்டாம், சீர் வேண்டாம், எங்கள் வீட்டை அப்படியே வாகை மரத்தில் சின்னதாகச் செதுக்கிக் கொடுங்கள், மணமேடையில் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். கள்ளக்குறிச்சியில் இத்தனை ஆசாரிகள் இருக்க, யாருக்கு இப்படி வாய்க்கும்?

அவர் மனைவி அம்சவள்ளிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "அந்தப் பொண்ணு காய்ச்சல்ல சாவலன்னு பஸ் ஸ்டாண்டுல பேசிக்கிறாங்க" என்று ஒரு நாள் மெல்ல ஆரம்பித்தாள்.

"வயித்தெரிச்சல் புடிச்சவங்க ஆயிரம் பேசுவாங்க. வாய மூடிக்கினு வேலயப் பாரு" என்று ஒரே அதட்டல். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"அந்தப் பின்னறைக்கு என்னைக் கூட்டிக்கினு போவலீங்க" என்றார் காசிநாதன். "வாசலும் ஹாலும்தான் பாத்தேன். அதான் நானா ஒரு கதவு வெச்சேன். இன்னா தப்பு, சொல்லுங்க?"

"தாப்பா வெளிப்பக்கம் இருக்கணும்."

"வெளியிலயா?"

"உள்ள கெடையாது. வெளிய மட்டுந்தான்."

"ஓ, நெல்லு மூட்டை போடற ரூமா!" கேள்வியும் பதிலும் அவரே. குட்டித் தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் பொருத்தினார்.

ராஜாம்பாள் பையிலிருந்து ஒரு தேக்குத் துண்டை எடுத்து நீட்டினாள். ஓரமெல்லாம் உடைந்து சிம்பு சிம்பாக இருந்தது. நடுவில் கொடியும் பூவும்.

"இது அந்தக் கதவோட அடிப்பலகை. உள்பக்கம். இப்ப புதுக் கதவு போட்டுட்டாங்க. பழச வெறகோட போட்டு வெச்சிருந்தாங்க. இத மட்டும் நான் எடுத்துக்கினு வந்துட்டேன்."

"உள்பக்கத்துலகூட பூவேலை பாருங்க! மரவாடிக்காரர்னா சும்மாவா!"

காசிநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையைக் கட்டைவிரலால் தடவினார். முகம் சுளித்தது. கொடியின் மேலும் பூவின் மேலும் கோடு கோடாகக் கீறல்கள். நாலு நாலாக, மேலிருந்து கீழாக, ஒன்றின் மேல் ஒன்றாக.

"எவன் செஞ்சான் இத? உளி புடிக்கத் தெரியாதவன். கொடி நல்லா ஓடியிருக்குது, அது மேல வழுக்கி வழுக்கி இழுத்து நாசம் பண்ணிட்டான். நான் வழவழன்னு செஞ்சி குடுத்துடறேன்."

"வேணாங்க. இருக்கற மாதிரியே செய்யுங்க. அந்தக் கோடெல்லாம் வேணும்."

"இதுவுமா? சபையில வெக்கிற பொருளுங்க. பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"பாக்கணும்னுதான் சொல்றேன்."

சம்பந்தி வீட்டு உத்தரவு, மறுபேச்சு ஏது? ஊசி முனை உளியை எடுத்தார். உள்ளங்கை அளவுக் கதவில் முதலில் கொடி, அப்புறம் பூ, அப்புறம் அந்தக் கீறல்கள். ஒரு கோட்டைக்கூட விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பலகையைப் பார்ப்பதும் கதவில் கீறுவதுமாக, மனுஷன் அதிலேயே முழுகிப்போனார். ராஜாம்பாளுக்கு வந்த காபி ஆடை கட்டிக் கிடந்தது.

"எப்பிடி? அந்தக் கத்துக்குட்டி பண்ண தப்பக்கூட அப்பிடியே எறக்கிட்டேன்!" என்று கதவை உயர்த்திக் காட்டினார்.

ராஜாம்பாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டம்ளரை எடுக்க இலக்கியா வந்தாள். கை நிறைய மருதாணி. பெஞ்சில் கிடந்த பலகையைப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது, கோடு கோடா?"

"உளி வழுக்கினது."

அவள் விளையாட்டாக நாலு விரலையும் அந்தக் கோடுகளின் மேல் வைத்து, மேலிருந்து கீழே மெல்ல இழுத்தாள். நாலு நகமும் நாலு கோட்டில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன.

"அப்பா, இங்க பாரேன்! என் கைக்கே அளவெடுத்த மாதிரி இருக்குது!" என்று சிரித்தாள்.

காசிநாதன் பார்த்தார். மறுபடி அதே இடத்தைப் பார்த்தார். கையிலிருந்த உளி நழுவிக் கீழே விழுந்தது.

ராஜாம்பாள் எழுந்து வந்து அந்த மருதாணிக் கையைப் பிடித்துப் பலகையிலிருந்து விலக்கினாள்.

"வேணாம் கண்ணு, எடுத்துடு. அது எம்பொண்ணு சந்தியா நகம். தாப்பாள வெளிய போட்டுட்டு, காய்ச்சல்ல போயிட்டாள்னு எனக்குச் சொல்லி அனுப்பினாங்க."