நீல அட்டையில் ஒரு கையெழுத்து

"தட்டுல ஒண்ணும் மிச்சம் வைக்கக் கூடாது யூசின். உங்க வீட்டுல இதெல்லாம் யாரு செஞ்சு தர்றாங்க?" என்றபடி இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கைக் கவிழ்த்தாள் லாரூ.

சீஸ் வழியும் உருளைக்கிழங்கு, மேலே நொறுக்கிய கார்ன்பிளேக்ஸ். ஒன்றரை வருடமாக வியாழன்தோறும் வேத வகுப்பு முடிந்ததும் இதேதான். கல்லூரிப் பெண் யூசின் அதன் தலையில் மிளகாய் சாஸைக் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

லாரூவும் கணவர் தெய்னும் எழுபதைத் தாண்டியவர்கள். அமெரிக்காவில் யூட்டா வீட்டைப் பூட்டிவிட்டு, தைவானின் சியாயி நகரத்து வாலிபர்களைக் கரையேற்ற வந்த கிறிஸ்தவ ஊழியத் தம்பதி. இத்தனை நாளில் லாரூ கற்றுக்கொண்ட சீனம் மூன்றே சொல். அதில் ஒன்று, 'சாப்பிடு'.

அடுத்த மாதத்தோடு ஊழியத் தவணை முடிகிறது. இன்னும் ஆறு மாதம் கேட்டு, தைப்பேயில் இருக்கும் ஊழியத் தலைவருக்கு எழுதியிருந்தாள். இளைஞர்களுக்கு நீங்கள் தேவை என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள், இல்லையென்றால் விமானச்சீட்டு தயார் என்று பதில் வந்திருந்தது. யூட்டா வீட்டுக்குத் திரும்ப அவளுக்கு மனமே இல்லை. நான்கு பிள்ளைகளைப் பெற்றும் வாசல் மணி அடிக்காத வீடு அது. அந்தப் புலம்பலையும் உருளைக்கிழங்கோடு சேர்த்தே வாராவாரம் பரிமாறுவாள்.

இங்கேயோ மணி ஓய்வதில்லை. அடுத்த தெருக் கல்லூரியிலிருந்து மும்மூன்று பேராக முறைவைத்து வந்தார்கள். தெய்ன் மாத்திரை போட்டாரா என்று விசாரித்தார்கள். தண்ணீர்க் கேன் தூக்கினார்கள், பல்பு மாற்றினார்கள். கைதட்டித் தெய்னை முழங்கால் பயிற்சி செய்யவைத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். வேதம் உள்ளே போனால் பணிவு தானாக வெளியே வரும் என்று லாரூ சொந்தக்காரர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் தட்டினாள்.

கிளம்பும்போது யூசின் வழக்கம்போல நீல அட்டையை நீட்டினாள். முழுக்கச் சீன எழுத்து. வருகிற பிள்ளைகள் எல்லோரிடமும் அப்படி ஒன்று இருந்தது. வேத வகுப்புக்கு வந்ததை இவ்வளவு அக்கறையாகக் குறித்துவைக்கும் பிள்ளைகள் வேறெங்காவது உண்டா? லாரூ பூரித்துப்போய்க் கையெழுத்திட்டு, பக்கத்தில் சிரித்த முகம் ஒன்றும் வரைந்தாள். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

"ஏங்க, ஆதாரத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுறோமே."

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டு அனுப்பலாமே என்றார் தெய்ன். படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தானே அனுப்புகிறேன் என்று அவர் வாயை அடைத்தாள். யூசினுக்குத் திடீரென்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்த வாரமே நாற்பது அட்டைகளைப் படமெடுத்துத் தைப்பேக்கு அனுப்பினாள் லாரூ. அடுத்த வியாழன், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தலைவரின் போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஆறு மாசம் நீட்டியாச்சு சிஸ்டர்."

லாரூ தெய்னைப் பார்த்த பார்வையில் ஒரு வெற்றி ஊர்வலமே போனது. "இந்தப் பிள்ளைங்க என்னை விட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

"காலேஜே விடாது. விசாரிச்சேன். நீங்க போயிட்டா நாப்பது பேரோட பட்டம் நின்னுடுமாம். இந்தப் பருவத்துக்கு அவங்களுக்கு வேற ஆள் கிடைக்கலையாம்."

"எதுக்கு ஆள்?"

கோப்பு படிக்கும் குரலில், ஒரு வரி விடாமல் படித்தார் தலைவர். "மேல போட்டிருக்கறது, 'ஆதரவற்ற முதியோருக்குத் துணை, கட்டாயப் பாடம்'. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கறது, 'உதவி பெறுபவர்'ங்கற இடத்துல. அதுக்குக் கீழ 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு சிஸ்டர், நாப்பது அட்டையிலயும் ஒரே பதில்தான்: 'பிள்ளைகள் நான்கு. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.'"