மிதக்கும் பிரிட்ஜ்

"இது வேணாம் தம்பி. ரொம்ப சுலபமா இருக்கு" என்றார் பெரியவர்.

குடுமி கையில் எடுத்த கிட்டாரோடு அப்படியே நின்றான். அந்த இசைக்கருவிக் கடையில் பதினாறு வருஷமாக விற்பனையாளன். முன்தலை முழுக்க வழுக்கையான பிறகும் பின்னால் ஒரு பிடி முடியை விடாமல் கட்டி வைத்திருப்பதால் கடையில் அவனுக்கு அந்தப் பெயர். கஷ்டமாக இருக்கிறது என்று கிட்டாரைக் கீழே வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறான். சுலபமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொன்ன மனுஷனை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"சார், நீங்க கேட்ட மாதிரி பழைய மாடல் எலக்ட்ரிக் கிட்டார் இது. கம்பியெல்லாம் வந்து சேருதே, இதுதான் பிரிட்ஜ். இந்தக் கைப்பிடியை அமுக்கினா பிரிட்ஜ் சாயும், கம்பி தளரும், சத்தம் அப்படியே குழையும். கையை எடுத்தா பழைய இடத்துக்கே வந்துடும். ஸ்ருதி அசையாது."

"அசையவே அசையாதா?"

"கேரண்டி சார்."

பெரியவரின் முகம் தொங்கிப் போனது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, அதில் எழுதியிருந்த எதையோ கோடு போட்டு அடித்தார்.

அடுத்ததாக, ஆறு திருகில் பிரிட்ஜ் நிற்கும் கிட்டார் ஒன்றை இறக்கிக் காட்டினான் குடுமி. "இதை மட்டும் கொஞ்சம் அடிக்கடி கவனிச்சுக்கணும் சார்."

"அடிக்கடின்னா?" பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாசத்துக்கு ஒரு தடவை."

"மாசத்துக்கா!" என்று மறுபடியும் சாய்ந்துகொண்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டாரின் முதுகுப் பலகையைக் கழற்றச் சொன்னார். உள்ளே எத்தனை ஸ்பிரிங், மூன்றா ஐந்தா, எதைப் போட்டால் எது கெடும் என்று குடைந்து குடைந்து கேட்டார். குடுமிக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது. ஆள் சாதாரண ஆள் இல்லை. பெரிய கை என்று முடிவு கட்டிவிட்டான்.

அப்போதுதான் பெரியவரின் பார்வை மூலையில் தொங்கிய வெளிர்பச்சைக் கிட்டாரில் போய் நின்றது. குடுமி சட்டென்று நகர்ந்து அதை மறைத்தாற்போல் நின்றுகொண்டான்.

பார்க்க ராஜகுமாரி மாதிரி இருக்கும் அதை இதுவரை மூன்று பேர் வாங்கிப் போனார்கள். மூன்று பேரும் வாங்கிய ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து, கடை நடுவில் நின்று கத்திவிட்டுப் போனார்கள். மூன்று தடவையும் விற்றவன் குடுமி. "நாலாவது தடவை அது திரும்பி வந்தா, நீயும் அது கூடவே வீட்டுக்குப் போயிடு" என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார். இப்போதும் கல்லாவிலிருந்து கண் கொட்டாமல் இங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை விடுங்க சார். அதோட பிரிட்ஜ் எதுலயும் ஒட்டாது, அந்தரத்துல மிதக்கும். முன்னாடி கம்பி இழுக்கும், பின்னாடி ஸ்பிரிங் இழுக்கும். ஒரு கம்பியை மாத்தினா மத்த அஞ்சும் கோவிச்சுக்கும்."

"அஞ்சுமா?"

"அஞ்சும். அதுங்களை சமாதானம் பண்ணிட்டு வந்தா, முதல்ல மாத்தின கம்பி இறங்கியிருக்கும்."

"அப்புறம்?" கதை கேட்கும் குழந்தை மாதிரி பெரியவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"மழை பேஞ்சா ஒரு ஸ்ருதி, வெயில் அடிச்சா ஒரு ஸ்ருதி. வாங்கிட்டுப் போன மூணு பேர்ல ஒருத்தர்கூட ஒரு பாட்டை முழுசா வாசிச்சதில்ல சார். சத்தியமா சொல்றேன்."

"இதையே கட்டிக் குடுங்க."

குடுமி கும்பிடாத குறை. "சார், நான் புள்ளகுட்டிக்காரன். நாலு நாள்ல நீங்க இதைத் தூக்கிட்டு வந்து நின்னீங்கன்னா என் வேலை போயிடும்."

"எழுதிக் குடுத்தா நம்புவீங்களா?" பெரியவர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். எக்காரணம் கொண்டும் திருப்பித் தர மாட்டேன் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு நீட்டினார். முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்து அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். படித்த கையோடு, எந்த வாடிக்கையாளருக்கும் எழுந்திருக்காத மனுஷன், தானே போய் நல்ல உறையாக ஒன்றைத் தேடி எடுத்து வந்தார்.

"ஸ்ருதி பார்க்கிற கருவி ஒண்ணு வேணும். சத்தம் போடாம விளக்கு மட்டும் எரியுமே, அது."

"ஒலிபெருக்கி சார்?"

"அது இருக்கு தம்பி. ரொம்பப் பெரிசா இருக்கு" என்று பெருமூச்சு விட்டார் பெரியவர்.

குடுமிக்கு இரட்டைச் சந்தோஷம். வேலை தப்பியது ஒரு பக்கம்; கஷ்டத்தைத் தேடி வந்து வாங்கும் இப்படி ஒரு கலைஞனைக் கண்ணால் பார்த்துவிட்டோமே என்பது இன்னொரு பக்கம். உறையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை கூடவே வந்தான்.

"உங்களை மாதிரி வித்வானை நான் பார்த்ததே இல்ல சார். அடுத்த கச்சேரி எங்கன்னு சொல்லுங்க, குடும்பத்தோட வர்றேன்."

"நானா? எனக்கு ஸ்ருதின்னா என்னன்னே போன வாரம்தான் தெரியும்" என்றார் பெரியவர். "இது எங்க வீட்டு மாப்பிள்ளைக்கு. கல்யாணமாகி ரெண்டு வருஷமா எங்க கூடத்தான் இருக்காரு. மாப்பிள்ளையை நாம ஒண்ணும் சொல்லவும் முடியாது, ஆசையா ஏதாவது வாங்கிக் குடுக்கத்தான் முடியும். அவர்கிட்ட இப்ப இருக்கிற கிட்டார்ல ஒரே ஒரு கோளாறு தம்பி. கையில எடுத்த உடனே வாசிக்க ஆரம்பிச்சுடறாரு."